எண்ணெய் தொடாதவரின் இரத்தத்தில் அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சுகாதாரப் பக்கத்தில் கொழுப்பைக் கரைப்பது பற்றி வந்த பத்தியை என் அக்கா அளவாக வெட்டி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். அவருக்கு 68 வயது, சீனி வருத்தம் பல வருடமாக உண்டு. "தம்பி, பேப்பரிலயே போட்டிருக்கு" என்று அவர் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது, நானும் வழக்கமாக வாயை மூடிக்கொண்டு என் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் இந்தப் பத்தியில் நாலு பிழை இருக்கிறது. மூன்று வெறும் பிழை. நாலாவது ஆளைக் கொல்லக்கூடியது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் காணாவிட்டால் நடுவில் வெட்டுங்கள், கடைசிப் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் டொக்டர் இல்லை. கொழும்பில் இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் முப்பத்தொரு வருடம் மற்றவர்களுடைய இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்து ஓய்வு பெற்று, இப்போது வெள்ளவத்தையில் காலையில் கடற்கரையோரம் நடக்கிற ஆள். உங்கள் அறிக்கையில் ட்ரைகிளிசரைட், அதாவது இரத்தத்தில் ஓடுகிற கொழுப்பு, என்று ஒரு எண் அச்சாகி வருகிறதே, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கிறது, அப்படி எத்தனையோ குழாய்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கிருந்து தொடங்கியதுதான்.

முதற்பிழை, எண்ணெயைத் தொடாவிட்டால் உடம்பில் கொழுப்பு சேராது என்று எழுதியிருப்பது.

இரத்தத்தை உறையவிட்டுச் சுழற்றி எடுத்தால் சிவப்பெல்லாம் அடியில் இறங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும், அதைச் சீரம் என்போம். கொழுப்பு மிகக் கூடியவருக்கு அது தெளியாது. சொதிக்குப் பிழிந்த தேங்காய்ப்பால் போல வெள்ளையாய் நிற்கும், குழாய்க்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது. இப்போது இயந்திரம் எண்ணைத் துப்பிவிடுகிறது, எங்கள் காலத்தில் அந்தக் குழாயை இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் அசைக்காமல் நிறுத்திவிட்டுக் காலையில் வந்து பார்ப்போம். சிலருடைய குழாயில் மேலே பாலாடை போலப் படிந்து கீழே தெளிந்திருக்கும். சிலருடையதில் ஆடையே இராது, மேலிருந்து அடி வரை ஒரே கலங்கல். ஆடை கட்டினால் அது சாப்பாட்டில் வந்த கொழுப்பு, குடல் அதைப் பெரிய துளிகளாய்க் கட்டி அனுப்பியிருக்கிறது, இலேசானபடியால் மிதக்கிறது. கலங்கலாகவே நின்றால் அது ஈரல் கட்டி அனுப்பிய சின்னத் துளிகள், மேலே வருமளவுக்கு இலேசு இல்லை. கடையில் வாங்கிய பலகாரமா வீட்டில் சுட்ட பலகாரமா என்று பார்த்தவுடனே சொல்கிற மாதிரி.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா இப்படித்தான் யாரோ சொல்லக் கேட்டு எண்ணெய்ப் போத்தலைக் குசினியிலிருந்தே நாடு கடத்தியிருந்தார். காலையில் இடியப்பம், பத்து மணிக்கு ரஸ்க் இரண்டும் பழச்சாறும், மத்தியானம் கோபுரமாய்ச் சோறு, நாலு மணிக்கு பாணும் வாழைப்பழமும், இரவில் மறுபடி இடியப்பம். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. பன்னிரண்டு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்து கொடுத்த இரத்தம், பழகிய இடம் என்றபடியால் மிச்சச் சீரத்தை ஓர் இரவு வைக்கச் சொல்லிக் கேட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் அடி முதல் நுனி வரை கலங்கல், ஆடை பொட்டளவும் இல்லை. "நான் எண்ணெய் தொடுறதே இல்லை, உன்ர மெஷின் பிழை" என்றார். மெஷின் சரி. ஈரல்தான் இரவும் பகலும் வேலை செய்திருக்கிறது.

ஈரல் என்ன செய்கிறது என்றால், சோற்றிலும் பழச்சாற்றிலும் வந்த சீனியைத் துண்டு துண்டாக உடைத்து, கடைசியில் இரண்டு காபன் உள்ள ஒரு சின்னத் துண்டாக்குகிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளைகளுக்கு அது அசற்றைல் கோ-ஏ. உடனே சக்தி தேவையென்றால் அந்தத் துண்டு, கலத்தின் அடுப்பான இழைமணிக்குள்ளேயே எரிந்து போகும். தேவையில்லாத அளவுக்கு வந்து குவிந்தால் இழைமணிக்கு வெளியே, கலத்தின் கூழுக்குள், அதே துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துக் கொழுப்பமிலம் என்ற சங்கிலி ஆக்கிவிடும், கொழுப்பு என்பது பெரும்பாலும் இந்தச் சங்கிலிகள்தான். கோக்கிற விதம் வேடிக்கையானது. இரண்டு காபன் துண்டுடன் முதலில் ஒரு காபனீரொட்சைட்டை ஒட்டி மூன்று காபன் உள்ள மலோனைல் ஆக்குகிறது, பிறகு அதைச் சங்கிலியில் சேர்க்கும்போது ஒட்டிய காபனீரொட்சைட்டைக் கழற்றி விட்டுவிடுகிறது. ஒட்டுவதும் கழற்றுவதும் வீண்வேலை போலத் தெரியும், ஆனால் ஊசியில் கோக்க முன் நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்குகிறோமே, அப்படி ஒரு தயார்ப்படுத்தல் இது, இல்லாவிட்டால் துண்டு சங்கிலியில் ஏறாது. 1958ல் சாலிஹ் வக்கில் என்ற ஈராக்கிய விஞ்ஞானி அமெரிக்காவில் வேலை செய்யும்போது மலோனைலின் பங்கைக் கண்டுபிடித்தார். எட்டுத் துண்டு கோத்தால் 16 காபன் நீளத்தில் பல்மிற்றிக் அமிலம், நம் உடம்பு செய்கிற முதற் கொழுப்பமிலம் அதுதான். கோக்கிற வேலை முழுவதுக்கும் ஒரே ஒரு பெரிய நொதியம், சங்கிலி முடியும் வரை கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இதற்காக அக்காவின் கொழுப்பெல்லாம் சோற்றில் வந்தது என்று நான் சொன்னால் நானும் உங்கள் பத்தியாளர் மாதிரியே ஆகிவிடுவேன். 2005ல் ஈரலில் கொழுப்புப் படிந்த 9 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள், சாப்பாட்டுக்கும் இரத்தத்துக்கும் அடையாளம் வைத்த அணுக்களை அனுப்பி, ஈரலில் இருக்கிற கொழுப்பு எந்த வழியால் வந்தது என்று கணக்குப் பார்த்தார்கள். நூற்றுக்கு 59 பங்கு உடம்பின் கொழுப்புக் கலங்களிலிருந்து இரத்தத்தில் வந்தது, 26 பங்கு ஈரல் தானே புதிதாகச் செய்தது, சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது வெறும் 15 பங்கு. ஆரோக்கியமாக, அளவாகச் சாப்பிடுகிறவருக்கு அந்த 26 இவ்வளவு பெரிதாக இராது, சீனியைக் கொழுப்பாக்குவது உடம்புக்குச் செலவான வேலை, சீனியில் வந்த சக்தியில் கால்வாசி வழியிலேயே போய்விடும். ஆனாலும் அந்த 15ஐப் பாருங்கள். உங்கள் பத்தி முழுவதும் அந்த 15க்குப் பின்னால்தான் ஓடியிருக்கிறது.

சீனியும் மாவும் செய்கிற பெரிய வேலை வேறு, அதை விளங்கினால் மிச்சமெல்லாம் விளங்கும். கொழுப்பமிலம் எரிய வேண்டுமென்றால் இழைமணிக்குள் போக வேண்டும், நீளமான கொழுப்பமிலம் தானாகப் போகாது, கார்னிற்றின் என்ற ஒரு பொருளின் முதுகில் ஏறித்தான் உள்ளே போகும். அந்த வாசலில் ஒரு கேட் இருக்கிறது. எங்கள் பக்கம் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிறவர்களுக்கு றெயில் கேட் தெரியும்: றெயில் வருகிறதென்றால் கேட் விழும், இந்தப் பக்கம் நிற்கிறவர் எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். இங்கே கேட்டைப் போடுகிறது யார் தெரியுமா? மேலே சொன்ன அந்த மலோனைல். கொழுப்புக் கட்டுவதற்கென்று செய்த அதே செங்கல், கொழுப்பை உடைக்கிற வாசலைப் பூட்டுகிறது. கட்டுகிற நேரத்தில் உடைக்கக் கூடாது, உடைக்கிற நேரத்தில் கட்டக் கூடாது, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் உடம்பு சும்மா சக்தியை வீணாக்கிக்கொண்டு வட்டமடிக்கும். 1977ல் டாலஸில் டெனிஸ் மக்கரியும் டானியல் பொஸ்டரும் இதைக் கண்டுபிடித்தார்கள், எனக்கு இதைப் போல ஒரு அழகான ஏற்பாடு உடம்பில் வேறு எங்கும் இல்லை என்றே படுகிறது. சாப்பிட்டவுடன் இன்சுலின் ஏறும், இன்சுலின் ஏறினால் மலோனைல் பெருகும், கேட் விழும். பசிக்கிற நேரம் இன்சுலினுக்கு எதிர்வேலை செய்கிற குளுக்ககன் ஏறும், மலோனைல் குறையும், கேட் தூக்கும்.

இப்போது உங்கள் பத்தியின் ஆலோசனையைத் திரும்பப் படியுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை "இலேசாக" பழச்சாறும் ரஸ்க்கும். அதாவது கேட் தூக்க முன்னமே அடுத்த றெயில். நாள் முழுக்கக் கேட் மூடித்தான் கிடக்கும், அந்தச் சாப்பாட்டில் தெரியாமல் வந்த தேங்காய்ப்பூச் சம்பல் கொழுப்புக்கூட எரிய வழியில்லாமல் வயிற்றைச் சுற்றிப் போய்ப் படுத்துக்கொள்ளும். பழச்சாறு பழம்தானே என்று கேட்பார்கள். 2016 ஓகஸ்டிலிருந்து நம் நாட்டில் குளிர்பானப் போத்தலில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டம் போடுகிறார்களே, 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. சீனி போடாத திராட்சைச் சாற்றை அந்த அளவுகோலில் வைத்தாலே அது சிவப்புக்குத்தான் போகும். சாறு கடையில் வட்டம் ஒட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இடையில் ஒன்று, ஜிம்முக்குப் போகிற பிள்ளைகளுக்கு. கார்னிற்றின் போத்தல் போத்தலாக விற்கிறார்கள், "கொழுப்பை எரிக்கும்" என்று. உங்கள் ஈரலும் சிறுநீரகமும் இரண்டு அமினோவமிலத்திலிருந்து அதைத் தாமாகவே செய்கின்றன. வாசலில் வண்டி போதாமல் யாரும் நிற்கவில்லை, கேட் மூடியிருப்பதால் நிற்கிறார்கள். கூட வண்டி வாங்கி விட்டால் கேட் தூக்குமா?

எண்ணெயை ஒரேயடியாக விலக்குவதற்கும் ஒரு விலை உண்டு, அதைப் பத்தியாளர் யோசிக்கவே இல்லை. நம் உடம்பு கொழுப்பமிலத்தைக் கட்டும், நீட்டும், ஓரிடத்தில் இரட்டைப் பிணைப்புப் போடும், ஆனால் ஒன்பதாவது காபனுக்கு அப்பால் இரட்டைப் பிணைப்புப் போடத் தெரியாது. லினோலெயிக் அமிலமும் ஆல்பா லினோலெனிக் அமிலமும் அப்படி நம்மால் செய்ய முடியாதவை, வாயால்தான் வர வேண்டும். 1929ல் ஜோர்ஜ் பர், மில்ட்ரட் பர் என்ற கணவன் மனைவி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள், வால் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, கடைசியில் செத்தன. நல்லெண்ணெய், நிலக்கடலை, சாளை மீன், சூடை மீன் எல்லாம் வீட்டில் இருக்கிற ஆட்களுக்கு இது பெரிய கவலை இல்லை. தேங்காய் எண்ணெயில் இவை மிகக் குறைவு, அதில் அரைவாசிக்குக் கிட்ட லோரிக் அமிலம். அது குட்டைச் சங்கிலி, கேட் தேவையில்லை, நேரே எரிந்துவிடும் என்று கட்சி கட்டுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. 8, 10 காபன் உள்ள கொழுப்பமிலத்துக்கு அந்தக் கதை சரி, 12 காபன் உள்ள லோரிக் பெரும்பாலும் நீளச் சங்கிலிகளின் வழியில்தான் போகிறது. சம்பல் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன், மருந்து என்று சொல்லிக்கொண்டு கரண்டியால் குடிக்காதீர்கள்.

இரண்டாவது பிழை வியர்வை. கொழுப்பு உருகி வியர்வையாக வெளியேறும் என்று அச்சில் போட்டிருக்கிறீர்கள். விடிய ஐந்தரைக்குக் கடற்கரைப் பக்கம் வந்து பாருங்கள், கொழும்பு வெக்கையில் பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு ஒருவர் ஓடுகிறார், நெய் உருகுகிற மாதிரித் தான் உருகுவதாக அவருக்கு நினைப்பு. வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். வீட்டுக்குப் போய் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தால் குறைந்த எடை திரும்பி வந்துவிடும். அப்படியென்றால் கொழுப்பு எங்கேதான் போகிறது? 2014 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் ரூபன் மீர்மன், அன்ட்ரூ பிரவுன் என்ற இருவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் அதில் 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக மூச்சில் போகிறது, மிச்சம் 1.6 கிலோ தண்ணீராகிறது. அதை எரிக்க 29 கிலோ ஒட்சிசனை உள்ளே இழுக்க வேண்டும். டொக்டர்மாரையும் உடற்பயிற்சி ஆசிரியர்களையும் கேட்டபோது பெரும்பாலானவர்களுக்கு இந்த விடை தெரியவில்லையாம், ஆகவே உங்கள் பத்தியாளரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. உடம்பிலிருந்து கொழுப்பு போகிற முக்கிய வாசல் மூக்கு. அதற்காக உட்கார்ந்த இடத்தில் வேகமாக மூச்சு விட்டால் போகாது, தலை சுற்றும். சதை வேலை செய்தால்தான் எரியும், எரிந்தால்தான் மூச்சில் போகும்.

முதற்கிழமையிலேயே இரண்டு மூன்று கிலோ குறைந்ததென்று துள்ளுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது பெரும்பாலும் கிளைக்கோசன் என்று உடம்பு சேமித்து வைத்திருந்த சீனியும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும். ஒரு கிராம் கிளைக்கோசன் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்.

உடைப்பது பற்றி எழுதினால் பிரான்ஸ் க்னோப்பின் நாய்களைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை, சிறுநீர் பரிசோதித்தே சோறு தின்றவன் என்ற பாசம். 1904ல் கொழுப்பமிலம் எப்படி உடைகிறதென்று ஒருவருக்கும் தெரியாது, உள்ளே போனதெல்லாம் காபனீரொட்சைட்டாகி மூச்சில் போய்விட்டால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? க்னோப் ஒரு தந்திரம் செய்தார். கொழுப்பமிலச் சங்கிலியின் வாலில் பென்சீன் வளையம் ஒன்றைக் கட்டிவிட்டார், நாயின் உடம்பால் அந்த வளையத்தை எரிக்க முடியாது, அப்படியே சிறுநீரில் வரும். மாட்டின் கழுத்தில் மணி கட்டி விடுகிற மாதிரி. இரட்டை எண்ணிக்கைக் காபன் உள்ள சங்கிலியைக் கொடுத்தால், அது எவ்வளவு நீளமாக இருந்தாலும், வளையத்தோடு கடைசியில் இரண்டு காபன் ஒட்டியிருந்தது. ஒற்றை எண்ணிக்கை கொடுத்தால் ஒரு காபன் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு காபனாக வெட்டியிருந்தால் எல்லா நாயின் சிறுநீரிலும் ஒரே பொருள்தானே வந்திருக்க வேண்டும்? இரண்டு இரண்டாக வெட்டினால் மட்டுமே இந்தக் கணக்குச் சரிவரும். அடையாள அணு இல்லை, இயந்திரம் இல்லை, சிறுநீரை மட்டும் பார்த்து உடம்புக்குள் கத்தரி எங்கே விழுகிறது என்று சொல்லிவிட்டார். பீற்றா ஒட்சியேற்றம் என்று இன்றைக்கும் பிள்ளைகள் படிப்பது இதைத்தான். 16 காபன் சங்கிலியில் 7 வெட்டு, 8 துண்டு.

வெட்டுவதும் இரண்டு இரண்டாக, கோப்பதும் இரண்டு இரண்டாக என்றவுடன் ஒரே பாதையில் முன்னும் பின்னும் போகிறதென்று நினைத்துவிடக் கூடாது. செட்டியார் தெருவில் சங்கிலி இணைக்கிற பட்டறையில் பழைய சங்கிலியை வெட்டி உருக்குவதில்லை, ஆள் வேறு, ஆயுதம் வேறு. வெட்டு இழைமணிக்குள், கோப்பு வெளியே. நடுவில் அந்தக் கேட்.

மூன்றாவது பிழை, விரதம் இருந்தால் கொழுப்பெல்லாம் சீனியாக மாறி மூளைக்குப் போகும் என்பது. போகாது. சீனியைக் கொழுப்பாக்கத் தெரிந்த உடம்புக்குக் கொழுப்பமிலத்தைத் திரும்பச் சீனியாக்கத் தெரியாது. கொழுப்பில் உள்ள கிளிசரோல் என்ற சின்னப் பகுதி மட்டும் சீனியாகும், சங்கிலிகள் ஆகா. இழைமணிக்குள் துண்டுகள் எரிவது சுற்றிச் சுற்றி வருகிற ஒரு வட்டத்தில், இரண்டு காபன் துண்டு அதற்குள் போனால் அதே வட்டத்தில் இரண்டு காபன் காபனீரொட்சைட்டாகப் போய்விடுகிறது, சீனி கட்ட மிச்சம் ஒன்றும் இல்லை. முளைக்கிற ஆமணக்கு விதைக்கு இது தெரியும், அதனிடம் அந்த இழப்பைச் சுற்றிப் போக ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது, 1957ல் கண்டுபிடித்தார்கள், தன் எண்ணெயைச் சீனியாக்கித்தான் அது வெளிச்சத்துக்கு வருகிறது. நமக்கு அந்தக் குறுக்குப் பாதை இல்லை.

எங்கள் அம்மா கந்தசஷ்டிக்கு மிளகும் தண்ணீரும் மட்டும் என்று ஆறு நாள் இருப்பார். மூன்றாம் நாள் பின்னேரம் திருநீறு பூச எங்களைக் கிட்ட இழுப்பார், அப்போது அவருடைய மூச்சில் ஒரு வாசம் வரும், அளவுக்கு மீறிக் கனிந்த அன்னாசியும் நகப்பூச்சு அழிக்கிற தண்ணியும் கலந்த மாதிரி. அது விரத வாசம் என்று அம்மம்மா சொல்லித் தந்தார், நாங்களும் முருகன் கிட்ட வந்துவிட்டார் என்று நம்பினோம். ஆய்வுகூடத்தில் சேர்ந்து முதன்முதலாக அசற்றோன் போத்தலைத் திறந்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது, கூட வேலை செய்தவர் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். விரதத்தில் கொழுப்பு வேகமாக உடையும்போது ஈரலால் எல்லாத் துண்டையும் எரித்து முடிக்க முடியாது, இரண்டு துண்டை ஒட்டிக் கீற்றோன் ஆக்கி இரத்தத்தில் அனுப்பும். தான் செய்ததைத் தானே எரிக்க ஈரலுக்கு வழியில்லை, சமைப்பவர் பசி கிடந்து பந்திக்குப் பரிமாறுகிற கதை. மூளை அதைச் சாப்பிடும். 1967ல் பொஸ்டனில் ஜோர்ஜ் காஹிலின் குழுவினர், கிழமைக்கணக்காகப் பட்டினி கிடந்தவர்களின் மூளை பெரும்பாலும் கீற்றோனில்தான் ஓடுகிறது என்று அளந்து காட்டினார்கள். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் மூளைக்குச் சீனி செய்வதற்கென்று உடம்பு தன் தசையையே கரைத்துத் தள்ளும், ஆறு நாள் விரதம் முடித்துச் சூரன்போர் பார்க்க எழும்பி நடக்கவே பாடாகிவிடும்.

இனி நாலாவது. உங்கள் பத்தியின் கடைசிக்கு முந்திய வரி: "விரத நாட்களில் உணவு இல்லாததால் இன்சுலின் ஊசியும் தேவையில்லை." அதை அச்சடித்தீர்கள்.

அம்மாவின் உடம்பில் இன்சுலின் குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. அந்தக் கொஞ்சம்தான் பிரேக். கொழுப்புக் கலம் கொழுப்பமிலத்தை ஓர் அளவுக்கு மேல் விடாமலும், ஈரல் கீற்றோனை ஓர் அளவுக்கு மேல் செய்யாமலும் அது பிடித்து வைத்திருந்தது. முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு அந்தக் கொஞ்சம் ஊசியால் மட்டும்தான் வருகிறது. சாப்பாடு இல்லையே என்று ஊசியை நிறுத்தினால் கேட் திறந்தது திறந்தபடி, பிரேக்கும் இல்லை, ஈரல் பட்டினி என்று நினைத்துச் சீனியையும் செய்து தள்ளும், கீற்றோனையும் செய்து தள்ளும். விரதத்தில் வருவதைவிடப் பல மடங்கு கீற்றோன். அது அமிலம். இரத்தம் புளிக்கும், பிள்ளை வாந்தி எடுக்கும், வயிறு நோகும், பெரிய பெரிய மூச்சாய் இழுக்கும், பிறகு மயக்கம்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த கதை இல்லை. நான் வேலை செய்த ஓர் இடத்துக்கு ஒரு சஷ்டிக் காலத்தில் பதினாலு வயதுப் பையனின் சிறுநீர் வந்தது. ரொதெரா பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது, அமோனியாவை மெதுவாகக் குழாயின் ஓரத்தால் விட்டால் கீற்றோன் இருக்கும்போது இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் ஊதா வளையம் ஒன்று வரும், சாதாரணமாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அன்றைக்கு அமோனியா தொட்ட உடனே கத்தரிப்பூ நிறம், வளையம் என்று சொல்ல முடியாமல் குழாயில் பாதிக்குப் பரவிவிட்டது. நான் அறிக்கை எழுதாமல் நேரே தொலைபேசியைத்தான் தூக்கினேன். பையன் நேர்த்திக்கு விரதம் இருந்திருக்கிறான், சாப்பிடாதவனுக்கு எதற்கு ஊசி என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்தது. பிழைத்துக்கொண்டான். ஐந்து நாள் சேலைனும் இன்சுலினும்.

அக்காவுக்கு இன்னும் ஊசி இல்லை, குளிசைதான், அதனால் அவருக்கு உடனே ஆபத்தில்லை. ஆனால் எங்கள் தொடர்மாடியில் நாலாம் மாடியில் ஊசி போடுகிற ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், அவள் வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வருகிறது. விரதம் இருக்க விரும்பினால் இருக்கட்டும், நோன்பு பிடிக்க விரும்பினால் பிடிக்கட்டும், முன்கூட்டியே தன் கிளினிக் டொக்டரிடம் போய் எந்த ஊசியை எவ்வளவு குறைப்பது என்று கேட்டுவிட்டு. அளவைக் குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு.

திருத்தம் போடுங்கள். உள்பக்கத்து மூலையில் எறும்பெழுத்தில் வேண்டாம், அதே சுகாதாரப் பக்கத்தில், அதே அளவில், கந்தசஷ்டி தொடங்க முந்திய ஞாயிற்றுக்கிழமை வரும்படியாக. மற்ற மூன்று பிழையையும் வேண்டுமென்றால் பிறகு ஒருநாள் ஆறுதலாகப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வுகூட ஊழியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.